கடைசிப் பக்கத்தின் கடைசி வரி

பத்திரிகை முதலாளிகளையும் ஆசிரியர்களையும் பற்றி எழுதுவது என் தொழில். அமைச்சர்களைப் பற்றி எழுத ஆளுண்டு. தொழிற்சங்கத் தலைவர்களைப் பற்றி எழுத ஊருக்கு நாலு பேர் உண்டு. அந்த அமைச்சரையும் தலைவரையும் பற்றி எது அச்சேற வேண்டும், எது குப்பைக் கூடைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற கையைப் பற்றி எழுதத்தான் ஆள் குறைவு. அந்த இடத்தில் இறங்கி இத்தனை காலம் வேலை செய்துவிட்டேன். மலையகத்துத் தம்பிமாரும் தங்கச்சிமாரும் சிலர் இப்போது வந்து, இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக, என் கைக்குத் தெரிந்த வேலையை மட்டும் எழுதிவைக்கிறேன்.

மலையகத்து நோட்டன் பிரிட்ஜில் இருந்துகொண்டு கொழும்புப் பத்திரிகைக்காரர்களைப் பற்றி எழுத முடியுமா என்பது எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. முடியும். பேப்பர் நமக்குப் பிந்தித்தான் வரும். தென்மேற்குப் பருவ மழையில் ரோட்டில் மண் சரிந்தால் அன்றைக்கு வராது. ஆனால் அவர்களுடைய விருந்துகளில் உட்கார வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. அவர்களுடைய காரில் ஏற வேண்டியதில்லை. அவர்களைப் பற்றி அவர்களுடைய சிநேகிதர்கள் சொல்வதைத் தினமும் கேட்க வேண்டியதில்லை. மிஞ்சுவது அவர்கள் அச்சிட்ட தாள் மட்டும்தான். அது போதும். இன்னொன்றும் உண்டு. இந்த ஊர் அணையில் தேங்குகிற களனி ஆற்றின் கிளைநீர்தான் லக்ஷபானாவில் மின்சாரமாகி 1950 முதல் கொழும்புக்குப் போனது. அங்கே ஓடிய அச்சு யந்திரங்கள் பலவும் அந்த மின்சாரத்தில் ஓடியிருக்கும். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அந்த யந்திரங்கள் என்ன அச்சடித்தன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்று நான் மனதார நம்புகிறேன்.

எனக்கு இந்த வேலையைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு தோட்டப் பாடசாலை மாஸ்டர். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், இரவில் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு நிருபர் வேலை. செய்தியைக் கடுதாசியில் எழுதி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து ஹட்டன் தபாற்கந்தோருக்கு அனுப்புவார். கையெழுத்து மணி மணியாக இருக்கும். ஒரு வரியை அடித்தால் அதன் மேலே இன்னொரு வரியை நெருக்கி எழுதமாட்டார், தாளையே மாற்றுவார். அச்சுக்கோப்பவன் ஒரு கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத்துப் பொறுக்குகிறவன், அவன் கண்ணுக்கு வேலை கூட்டக்கூடாது என்பார். பத்திரிகை கைக்கு வந்ததும் எல்லாரும் முதல் பக்கத்தைப் பார்ப்பார்கள். மாஸ்டர் அதைக் குப்புறத் திருப்புவார். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு வரிசை போலப் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இன்னாருக்காக, இன்ன தெரு, இன்ன இலக்கத்தில், இன்னாரால் அச்சிட்டு வெளியிடப்பட்டது. “தம்பி, வீட்டுக்காரன் பேரைத் தெரிஞ்சுகிட்டு அப்புறம் வீட்டுக்குள்ள போ” என்பார்.

அந்த வரியை யாரும் விரும்பிப் போடுவதில்லை. சட்டம் போட வைக்கிறது. இலங்கையில் 1839ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டமும், 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர் வெளியிடுவோர் சட்டமும் வெள்ளைக்காரன் தன் வசதிக்காகச் செய்தவை: வம்பு வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். அவன் வைத்த கண்ணி இன்றைக்கு நமக்கு வழிகாட்டி. ஒரு பத்திரிகையின் இருபது வருடத்துப் பிரதிகளில் அந்த ஒரு வரியை மட்டும் தொடர்ந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். அச்சகத்தின் முகவரி மாறும். வெளியிடுபவர் பெயர் மாறும். தலையங்கம் எதுவும் நடக்காத மாதிரி எழுதிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில், கீழே கம்பனியின் பெயரே வேறாகியிருக்கும். அந்த இடத்தில் தேதியைக் குறித்துக்கொண்டு, கம்பனிப் பதிவாளர் திணைக்களத்துக்குப் போங்கள். கட்டணம் கட்டினால் பங்குதாரர் விபரமும் பணிப்பாளர் பெயர்களும் உள்ள கோவையைப் பார்க்கலாம். அரசாங்க நிறுவனம் என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. மாஸ்டர் காலத்தில் அப்படியொரு ஆயுதம் இல்லை. ஒரு பெரிய மனிதரைப் பார்க்கப் போவதற்கு முன் இந்த இரண்டு வேலையும் முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனால் அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வருவீர்கள், அவ்வளவுதான்.

கடைசி வரிக்கு அடுத்தது முகப்பு. பெயருக்குக் கீழே மலர் இத்தனை, இதழ் இத்தனை என்று இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. முதல் இதழின் தேதியிலிருந்து நாட்களைக் கணக்குப் போட்டு, ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் கழித்து, இன்றைய இதழ் இலக்கம் என்னவாக இருக்க வேண்டும் என்று பாருங்கள். கணக்கு ஒத்துவந்தால் நல்லது. பத்து நாள் குறைந்தால், எங்கேயோ பத்து நாள் பேப்பர் வரவில்லை. தொழிலாளர் வேலைநிறுத்தமா, காகிதத் தட்டுப்பாடா, கடன்காரன் யந்திரத்துக்குப் பூட்டுப் போட்டானா, அரசாங்கம் சீல் வைத்ததா? நிறைவு விழா மலரில் இந்தப் பத்து நாளைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. சில நேரம் இலக்கம் திடீரென்று ஒன்றிலிருந்து தொடங்கும், முதலாளி கைமாறியிருப்பார். சில நேரம் செத்துப்போன பழைய பத்திரிகையின் இலக்கத்தைப் புதியது தொடரும். பழைய வாசகர்களையும் பழைய விளம்பரக்காரர்களையும் கைவிட மனமில்லை என்று அர்த்தம். விரல் விட்டு எண்ணுகிற வேலைதான். ஆனால் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களில் பாதிப்பேர் இதைச் செய்வதில்லை, அதனால்தான் ஒரே பத்திரிகைக்கு மூன்று பிறந்த வருடம் எழுதிவைக்கிறார்கள். பதிவு செய்த நாள் வேறு, மாதிரிப் பிரதி வந்த நாள் வேறு, விற்பனைக்கு வந்த நாள் வேறு. எந்த நாளை எழுதுகிறீர்கள் என்பதைச் சொல்லி எழுதினால் சண்டையே இல்லை.

அடுத்து விலை. பத்திரிகையின் விலையை அந்த வருடத்துக் கூலிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயமாகி, 1929இல் மலைநாட்டில் நாளுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வந்தது. ஒரு பத்திரிகை தன்னை ஏழைத் தொழிலாளியின் தோழன் என்று முகப்பில் போட்டுக்கொண்டால், நாள் முழுவதும் கொழுந்து எடுத்த பெண் அதை வாங்க எத்தனை மணி நேரக் கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது என்று கணக்குப் போடுங்கள். அவள் வாங்கவில்லை, லயத்தில் ஒருவர் உரக்க வாசிக்க இருபது பேர் கேட்டார்கள் என்றால், விற்பனை எண்ணிக்கையை வைத்து அந்தப் பத்திரிகையின் வலுவை அளக்கவும் முடியாது. அந்தப் பெரிய மனிதரின் செல்வாக்கு எங்கே இருந்தது என்பதே அப்போது வேறு மாதிரித் தெரியும்.

இப்போது நடேசய்யருக்கு வருகிறேன். ஹட்டன் பக்கத்தில் பிறந்து இந்த வேலைக்கு வருகிற எவரும் கோ. நடேசய்யரில்தான் கைப்பழக வேண்டும். 1887இல் தஞ்சாவூரில் பிறந்தவர். அங்கே ‘வர்த்தகமித்திரன்’ நடத்தினார். இலங்கைக்கு வந்து 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’. சட்ட நிரூபண சபையில் இருந்தார். 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936 முதல் அரசாங்க சபையில் ஹட்டனின் பிரதிநிதி. 1947 நவம்பரில் காலமானார். பத்திரிகை, சங்கம், சபை ஆசனம் மூன்றும் ஒரே கையில். இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதுவது லேசு என்று தோன்றும். எங்கள் ஆள், எங்களுக்காகப் பேசியவர். அந்தப் பாசம்தான் பேனாவுக்குப் பெரிய இடைஞ்சல்.

அவரை எப்படி எழுத வேண்டும் என்று எழுதிக் காட்டியவர் சாரல்நாடன். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்த மனிதர். 1988இல் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’, பத்து வருடம் கழித்து ‘பத்திரிகையாளர் நடேசய்யர்’. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். முதல் புத்தகம் வந்ததோடு நடேசய்யர் முடிந்தார் என்று அவர் விட்டுவிடவில்லை. தொழிற்சங்கத் தலைவரைச் சொன்ன கையாலே, பத்திரிகைக்காரரைத் தனியாக எடுத்துச் சொல்ல மறுபடி உட்கார்ந்தார். தொழிற்சாலையில் வேலை செய்தவருக்கு ஒன்று தெரியும்: கொழுந்து வந்த சூட்டில் அரைவைக்குப் போடக்கூடாது, மாடியில் விரித்துப் பதமாக வாட வேண்டும், வாட்டம் குறைந்தாலும் கூடினாலும் தூள் கெட்டுவிடும். அவருடைய எழுத்தில் அந்தப் பதம் இருக்கிறது. கிடைத்த தகவலைக் கிடைத்த அன்றே கொட்டவில்லை. அந்தனி ஜீவாவும் நடேசய்யரைப் பற்றி எழுதினார். குமாரி ஜயவர்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய தம் ஆய்வு நூலில், தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவோடு நடேசய்யர் சேர்ந்ததையும் பிரிந்ததையும் வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறார். ஒரே மனிதரைப் பற்றி மூன்று பேர், மூன்று வாசலிலிருந்து எழுதியிருக்கிறார்கள். பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய்த் தொழிலாளர் நிலையைப் பார்த்தார் என்ற கதை நம் எல்லாருக்கும் தெரியும். மேடையில் சொன்னால் கைதட்டு விழும். நடந்திருக்கக்கூடியதுதான். தொரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம்; துணி மூட்டைக்காரனுக்கு மட்டும் லயத்து வாசல் திறந்திருந்தது. என்னிடம் கற்க வந்த ஒரு தங்கச்சி இந்தக் காட்சியை விரிவாக எழுதிக்கொண்டு வந்தார். மூட்டையின் நிறம், மழை, கங்காணியின் மீசை எல்லாம் இருந்தன. நன்றாகவே எழுதியிருந்தார். நான் ஒன்றும் வெட்டவில்லை. இந்தத் தகவலை முதலில் சொன்னது யார், எந்த வருடம், எந்தத் தாளில் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் அலைந்து திரும்பி வந்தபோது அந்தக் காட்சி நாலு வரியாகச் சுருங்கியிருந்தது, வினைமுற்றுகள் மாறியிருந்தன. “சென்றார்” என்பது அவரே எழுதியதற்கு. “சென்றதாக எழுதியிருக்கிறார்கள்” என்பது பின்னால் வந்தவர்கள் எழுதியதற்கு. “என்று சொல்வார்கள்” என்பது வாய்மொழிக்கு. இந்த மூன்று முடிவையும் கலக்காமல் எழுதத் தெரிந்தால் பாதித் தொழில் வந்துவிட்டது. மீசையும் மழையும் போனதில் அவருக்கு வருத்தம் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு வரி நிற்கும்.

நடேசய்யரைப் பற்றி எழுதிக்கொண்டு போகும்போது மீனாட்சியம்மையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவருடைய மனைவி, தேசபக்தனின் ஆசிரிய பீடத்தில் வேலை செய்தவர், தாமே பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடியவர், அந்தப் பாட்டுகளைத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டுத் தொழிலாளர் கையில் கொடுத்தவர். கணவர் சபையிலும் பிரயாணத்திலும் இருக்கும்போது பத்திரிகை தானாக வெளிவராது. யாரோ புரூப் பார்த்திருக்க வேண்டும், யாரோ காகிதக் கடைக்காரனுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். செல்வாக்குள்ள பத்திரிகைக்காரர் எவரைப் பற்றி எழுதினாலும், அவர் ஊரில் இல்லாத நாட்களில் பத்திரிகையைக் கொண்டுவந்தது யார் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை நான் எந்த மனிதரைப் பற்றி எழுதும்போதும் விடுவதில்லை. பெரும்பாலும் ஒரு பெண்ணிடமோ, பெயர் அச்சில் வராத ஒரு துணை ஆசிரியரிடமோ போய் நிற்கும்.

பெரிய யந்திரத்துக்கு வருவோம். டி.ஆர். விஜேவர்தன. 1914இல் தினமினவை வாங்கினார், 1918இல் சிலோன் டெய்லி நியூஸைத் தொடங்கினார், 1923இல் ஒப்சேர்வரைச் சேர்த்துக்கொண்டார், 1932இல் தினகரன். பேரை வாவிக்கரையில் எழும்பிய அவருடைய லேக் ஹவுஸ் ஒரு அரசாங்கத்துக்குச் சமமாகப் பேசப்பட்ட காலம் உண்டு. அவருடைய வாழ்க்கையை எழுதியவர் எச்.ஏ.ஜே. ஹுலுகல்ல, விஜேவர்தனவின் கீழ் டெய்லி நியூஸ் ஆசிரியராக இருந்தவர். இளையவர்கள் அந்தப் புத்தகத்தை எடுத்ததும், சம்பளம் வாங்கியவர் எழுதியது என்று ஒதுக்கப் பார்க்கிறார்கள். ஒதுக்காதீர்கள். முதலாளி எத்தனை மணிக்குக் கந்தோருக்கு வந்தார், பிழையுள்ள பக்கத்தை என்ன செய்தார் என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தவருக்குத்தான் தெரியும். அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டுத் தொழிலாளியைப் பற்றி அந்த வீட்டுப் பத்திரிகைகள் என்ன நிலை எடுத்தன என்பதை அவரிடம் கேட்காதீர்கள்; அதற்குச் சுவடிக்கூடத்துக்குப் போங்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்கு இரையான வாரத்தை எடுங்கள். பிறகு 1948 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, குடியுரிமைச் சட்டம் வந்த மாதங்களை எடுங்கள். ஒவ்வொரு பத்திரிகையிலும் செய்தி எந்தப் பக்கத்தில், எத்தனை அங்குலம், தலையங்கம் எத்தனையாம் நாள், எதிர்த்து வந்த கடிதம் அச்சேறியதா? அளவுகோலை வைத்து அளந்து கட்டம் போட்டு எழுதுங்கள். விஜேவர்தனவின் குணம் அந்தக் கட்டத்தில் தெரியும், நல்லதும் சேர்த்து.

அந்த வீட்டின் கதை அவரோடு முடியவில்லை. 1964 டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. லேக் ஹவுஸை எடுத்துக்கொள்ளும் முயற்சி அந்தத் தோல்விக்குப் பெரிய காரணம். மறுபடி ஆட்சிக்கு வந்து, 1973இல் சட்டம் போட்டுப் பங்குகளில் 75 வீதத்தைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார்கள். அன்று முதல் அங்கே தலைவர் நாற்காலி அரசாங்கத்தோடு மாறுகிறது. இப்படிப்பட்ட இடத்தைப் பற்றி எழுதும்போது தலைவரின் முகத்தைப் பார்த்து எழுதாதீர்கள். நியமனக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள், அரச விளம்பரம் எந்தப் பத்திரிகைக்கு எத்தனை பக்கம் போகிறது என்று பாருங்கள். தனியார் பத்திரிகைக்கும் அதே அளவுகோல்தான். தினபதியும் சிந்தாமணியும் வெளிவந்த தவச நிறுவனத்துக்கு 1974இல் அவசரகால விதியின் கீழ் சீல் வைத்தார்கள். 1977 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. அங்கே ஆசிரியராக இருந்த எஸ்.டி. சிவநாயகம் போன்ற ஒருவரை எழுதப் போகிறவர், அவர் எழுதியதை மட்டும் வாசித்தால் போதாது. எழுதத் தாள் இல்லாமல் இருந்த அந்த வருடங்களில் அவர் என்ன செய்தார் என்று தேட வேண்டும்.

வீரகேசரியைப் பற்றிச் சொல்லாமல் மலையகத்தில் பத்திரிகை பேச முடியாது. ஆவணிப்பட்டிச் சுப்பிரமணியம் செட்டியார் 1930 ஆகஸ்ட் 6இல் தொடங்கியது. தமிழ்நாட்டு எழுத்தாளர் வ.ரா. கூட அங்கே கொஞ்சக் காலம் ஆசிரியராக இருந்தார். அந்தப் பத்திரிகையின் வரலாற்றை எழுதியவர் எஸ்.எம். கார்மேகம். அங்கே வேலை செய்தவர், நம் மலையகத்தவர், தோட்டத்து எழுத்தாளர்களின் சிறுகதைகளைப் போட்டி வைத்துத் திரட்டி 1971இல் ‘கதைக்கனிகள்’ வரக் காரணமாக இருந்தவர். உள்ளே இருந்துகொண்டே உள்வீட்டை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பேட்டி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம். சாதாரண அரசியல்வாதியிடம் பேட்டி எடுப்பது வேறு. பத்திரிகை முதலாளியிடம் எடுப்பது வேறு. தலைப்பு என்றால் என்ன என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் தலைப்பாகப் போடக்கூடிய வாக்கியத்தை அவரே செய்து வைத்திருப்பார், பத்தாவது நிமிடத்தில் எடுத்து நீட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதில் நிற்காதீர்கள். கொள்கையைப் பற்றிக் கேட்காமல் யந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். முதல் யந்திரம் எங்கே வாங்கினீர்கள், புதியதா பழையதா, யார் ஓட்டினார், காகித ரீல் யார் கடனுக்குக் கொடுத்தார், முதல் மாதச் சம்பளத்தை எப்படிக் கொடுத்தீர்கள்? ஒரு பெரியவர், கொள்கை கேட்டவரை நாற்காலியில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தவர், பழைய பிளாட்பெட் யந்திரம் என்றதும் எழுந்துவிட்டார். தாளை எப்படி ஊட்டினோம் என்று கையால் காட்டினார். இடது கைப் பெருவிரல் நகம் பாதி இல்லை, யந்திரம் எடுத்தது. முதலாளி ஆவதற்கு முன் அவர் தாள் ஊட்டிய பையன் என்பது அவருடைய எந்த மலரிலும் இல்லை. வெட்கப்பட்டு மறைத்திருந்தார். அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் எழுதினேன்.

முதலாளியைப் பார்த்த அதே வாரத்தில் அச்சுக்கூடத்து ஆட்களைப் பாருங்கள். அச்சுக்கோப்பாளர், புரூப் பார்த்தவர், பார்சல் கட்டியவர், இரவு லொறி ஓட்டியவர். ஈய எழுத்துக் காலத்து ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். நள்ளிரவில் யார் டெலிபோன் பண்ணி எந்தச் செய்தியை அச்சுத் தட்டிலிருந்து தூக்கச் சொன்னார் என்பது ஆசிரியருக்கு மறந்திருக்கும். கோத்த எழுத்தைத் திரும்ப அறை அறையாகப் பிரித்துப் போட்டவருக்கு மறக்காது. ஆனால் அவர் சொன்னதை அப்படியே போடக்கூடாது. அடுத்த நாள் பத்திரிகையை எடுத்து, அந்த இடத்தில் அவசரமாக ஒரு விளம்பரமோ பழைய படமோ நிரப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிரப்பியிருந்தால் அவர் சொன்னதற்குச் சாட்சி கிடைத்தது.

வேண்டியவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், வேண்டியவர் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். தராக்கி என்ற பெயரில் எழுதிய பத்திரிகையாளர் டி. சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அவருடைய நீண்டகால நண்பரான மானிடவியலாளர் மார்க் விட்டேக்கர் 2007இல் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதினார். நட்பை மறைக்கவில்லை, அதே புத்தகத்தில் நண்பரோடு தமக்கிருந்த முரண்பாட்டையும் எழுதினார். 2009 ஜனவரி 8இல் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொல்லப்பட்ட பின், ஆசிரியர் என்றாலே தியாகி என்று எழுதுகிற பழக்கம் கொஞ்சக் காலம் இருந்தது. கொல்லப்பட்டவரின் தைரியத்தைச் சொல்ல, அவரை முழு மனிதராக எழுதுவது தடையில்லை என்று நினைக்கிறேன்.

நாம் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் கையில்தான் பத்திரிகை இருக்கிறது. அது இந்தத் தொழிலின் அடிப்படைக் கஷ்டம். ஒரு கட்டுரை மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்து, கடைசியில் சிறுசஞ்சிகை ஒன்றில் வந்ததுண்டு. அந்த இடைவெளி எனக்கு உதவியது. திருப்பி வாசித்து இரண்டு சாட்சிகளைக் கூடச் சேர்த்தேன். எழுதியதை வைத்திருக்கத் தெரிய வேண்டும். நோட்டனில் அதுவே ஒரு வித்தை. இந்த ஈரத்தில் பேப்பர் நறுக்கு ஆறு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும், மிச்சத்தை ராமபாணப் பூச்சி தின்னும். பழைய ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும்; தூளைக் கப்பலில் ஈரம் படாமல் காப்பாற்றியது நறுக்குகளையும் காப்பாற்றும். நறுக்கை ஒட்டாதீர்கள், பசையில்தான் பூச்சி முதலில் வாய் வைக்கும். வெறும் தாளுக்கிடையில் வைத்து, பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம், பத்தி நாலையும் பென்சிலால் எழுதி, வெயில் வருகிற நாளில் ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகமும் ஈழநாடு பத்திரிகையின் அச்சகமும் எரிந்த பிறகு, தனி ஆட்கள் பெட்டியில் வைத்திருந்த பிரதிகளுக்கு என்ன மதிப்பு என்று நமக்குத் தெரிந்தது. இப்போது நூலகம் நிறுவனம் பழைய இதழ்களை மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. உங்கள் பாட்டன் பெட்டியில் தேசபக்தன் ஒரு தாள் இருந்தாலும் அதை அவர்களிடம் காட்டுங்கள்.

நான் இப்போது தேடிக்கொண்டிருப்பது ஏஜென்டுமாரை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று ஒவ்வொரு கடைத்தெருவிலும் பேப்பர் ஏஜென்டு ஒருவர் இருந்தார். தோட்டத்துக்கு எந்தப் பேப்பர் ஏறும், எது ஏறாது என்பதில் கொழும்பு முதலாளிக்கு இருந்த அதிகாரத்தில் ஒரு பங்கு இவர்களுக்கும் இருந்தது. அவர்களுடைய கணக்குக் கொப்பிகளில், எந்தத் தோட்டத்துக்கு எத்தனை பிரதி, யார் கடன் வைத்தார், எந்த வாரம் பார்சல் திரும்பி வந்தது எல்லாம் இருக்கும். பல வீடுகளில் அந்தக் கொப்பிகள் பழைய கடுதாசிக் கடைக்குப் போய்விட்டன. மஸ்கெலியாவில் இரண்டு வீட்டில் இன்னும் இருக்கிறதாகச் சொல்கிறார்கள். மழை விட்டதும் போகிறேன். வர விரும்புகிறவர்கள் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டுவாருங்கள், பக்கங்களைப் படம் எடுக்கப் போன் இருந்தால் அதையும். வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.